எர்ணாவூர் தார்பாய் கடைக்கு ஒரு வெப்சைட்

வெப்சைட் போட்டுத் தர்ற தொழில் இருக்கே, அது கல்யாணத் தரகர் தொழிலுக்குப் பங்காளி: உள்ளதைச் சொன்னா காரியம் நடக்காது, இல்லாததைச் சொன்னா பின்னாடி உதை விழும்.

இதே தொழில்ல லோல்படற புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்கன்னு கேக்கறவங்க, பக்கத்துக் கடைக்காரன் சைட்டைக் காட்டி இதே மாதிரி, ஆனா வேற மாதிரி வேணும்னு கேக்கறவங்க, இவங்கல்லாம் எல்லா ஊர்லயும் உண்டு. எங்க பக்கத்துக்குன்னு தனியா ஒரு வியாதி இருக்கு. முகவரி வியாதி, பேக்டரிப் புகையும் மீன் நாத்தமும் அடிக்கற சொந்த ஊர் பேரை மறைக்கறது. நான் திருவொற்றியூர் தேரடிகிட்ட ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில உக்காந்துகிட்டு, ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் சின்னச் சின்ன கடைங்களுக்கு வெப்சைட் போட்டுத் தர்றவன். ராயபுரத்து பியூட்டி பார்லர்காரம்மா "பாரிமுனை அருகில்"னு போடச் சொல்வாங்க. வியாசர்பாடி டியூஷன் வாத்தியார் "பெரம்பூர்"னு போடச் சொல்வார். வேற வழியே இல்லாதவங்க ஊர் பேரை முழுங்கிட்டு, சென்னைன்னு போட்டு பின்கோடை மட்டும் போடச் சொல்வாங்க. நம்பர்ல நாத்தம் அடிக்காது பாருங்க.

கீழே இருக்கறது எல்லாமே ஒரே கடையோட சங்கதிங்க. படிச்சுட்டு சிரிப்பு வந்தா தாராளமா சிரிங்க. எனக்கு வரல.

லிங்க் கேக்கறாங்க

கஸ்தூரி அக்கா என் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தது ஐப்பசி மழையில. எர்ணாவூர்ல, லாரிங்க போற ரோட்டு மேலயே "அங்காளம்மன் தார்பாய்"னு கடை. மாமனார் ஆரம்பிச்சது, புருஷன் போன பிறகு அக்கா பாத்துக்கறாங்க. துறைமுகத்துக்கு சரக்கு ஏத்திகிட்டுப் போற லாரிங்களுக்குத் தார்பாய் வெட்டித் தைச்சு, ஓரத்துல வளையம் அடிச்சு, கயிறு கோத்துக் குடுக்கற வேலை. கூட பர்வீன்னு ஒரு பொண்ணு, இன்னும் ரெண்டு பொம்பளைங்க. ஒரு காலத்துல மிஷின் சத்தத்துல அந்தக் கடை வாசல்ல நின்னு பேச முடியாது. இப்ப லாரிக்காரங்க ரெடிமேடா பிளாஸ்டிக் ஷீட்டு வாங்கிப் போட்டுக்கறாங்க, கிழிஞ்சா கடாசிட்டு வேற வாங்கறாங்க. மிஷின் மேல பூனை தூங்குது.

இந்த நேரத்துல எண்ணூர்ல புதுசா ஒரு சரக்கு யார்டு வந்துச்சு. சொந்தமா நிறைய லாரி வெச்சிருக்கறவங்க. அந்த லாரிங்களோட தார்பாய் வேலை மொத்தத்தையும் ஒரே எடத்துல குடுக்கப் போறாங்கன்னு ஒரு டிரைவர் வந்து அக்காகிட்ட சொல்லியிருக்கார். விண்ணப்பம் ஈமெயில்ல போகணுமாம், அதுல கம்பெனி வெப்சைட் லிங்க் கண்டிப்பா வேணுமாம். அக்கா புடவைத் தலைப்புல மூஞ்சியைத் துடைச்சுகிட்டு என் முன்னாடி உக்காந்தாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க:

"இந்த வேல வந்துச்சுன்னா கடை நிக்கும் தம்பி. வரலன்னு வெச்சுக்க, பொங்கலோட ஷட்டரை இறக்கிட்டு சாவியக் குடுத்துடுவேன். பர்வீன்கிட்ட இன்னும் சொல்லல, அது புள்ளகுட்டிக்காரி."

அம்மன் வேணாம்

அக்கா தனியா வரல, பின்னாடியே ஒரு போன்கால் வந்துச்சு. அவங்க தம்பி தயாளன். தனியார் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல நல்ல வேலை, அண்ணா நகர்ல அபார்ட்மென்ட்ல குடியிருக்கார். அக்காவுக்கு ஒரே தம்பி. வெப்சைட் விஷயத்தை முழுக்க நானே பாத்துக்கறேன், நீங்க எங்கிட்ட மட்டும் கேளுங்கன்னார். தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், இந்த "நானே பாத்துக்கறேன்" வந்துச்சுன்னா சனி வாசப்படி தாண்டிடுச்சுன்னு அர்த்தம்.

முதல் சண்டை பேர்ல. அங்காளம்மன்னு இருந்தா மளிகைக் கடை மாதிரி இருக்காம். "கே.டி. கவரிங் சிஸ்டம்ஸ்"னு வெக்கணுமாம். கே கஸ்தூரி, டி தயாளன். இந்தப் பேரை எந்த டிரைவர் சார் கண்டுபிடிப்பான், போர்டுல வேற பேர் இருக்கேன்னு கேட்டேன். போர்டு டிரைவருக்கு, சைட் ஆபீசருக்குன்னார். பக்கத்துல உக்காந்திருந்த அக்காவுக்கும் எல்லாம் கேட்டுச்சு. போனை வெச்சதும் மெதுவா என்னைப் பாத்தாங்க:

"அவன் படிச்சவன், நாலு எடம் போய் வர்றவன் தம்பி. அம்மன் கோச்சுக்க மாட்டா, ஆத்தா தான, நம்ம நிலமை தெரியும் அவளுக்கு."

லைன்ல தைக்கிறது

கடையைப் பத்தி எழுதணுமே, அதுக்காக ஒரு பகல் பூரா எர்ணாவூர்ல போய் உக்காந்தேன். அப்பதான் அந்தக் கடையோட சூட்சுமமே எனக்குப் புரிஞ்சுது. துறைமுகத்துக்குள்ள போறதுக்கு லாரிங்க ரோட்டோரமா வரிசை கட்டி நிக்கும், மணிக்கணக்கா. இதுக்குப் பேர்தான் லைன். லைன்ல நிக்கறப்ப தார்பாய் கிழிஞ்சிருக்கறது தெரிஞ்சா டிரைவருக்கு உசிரு போயிடும். கிழிசலோட துறைமுக கேட்டுக்குப் போனா உள்ள விட மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. தைக்கறதுக்காக வண்டிய லைனை விட்டு எடுத்தா, மறுபடி வால்ல போய் நிக்கணும். அதனால வண்டி கடைக்கு வராது, கடைதான் வண்டிக்குப் போகும். டிரைவர் போன் போட்டதும் அக்காவும் பர்வீனும் கோணி ஊசி, நூல், ஒட்டுத்துணி எல்லாம் தூக்கிகிட்டு ஓடுவாங்க. லாரி மேல ஏறி உக்காந்து தைப்பாங்க. லைன் நகந்தா லாரி நகரும், இவங்க மேலயே உக்காந்து தைச்சுகிட்டே போவாங்க. அந்த வெயில்ல, அந்தத் தூசுல, ரெண்டு பொம்பளைங்க. இந்தப் பக்கத்துல வேற எந்தக் கடையும் இதைச் செய்யறதில்ல.

எனக்கு ஒரே குஷி. இத்தனை வருஷத்துல எழுதறதுக்கு உருப்படியா ஒரு விஷயம் கெடச்சுதேன்னு, வீட்டுக்கு வந்ததும் முதல் பக்கத்துக்கு எழுதினேன்: "வண்டி லைன்ல நிக்குதா? அங்கயே வந்து தைச்சுத் தர்றோம்." அக்காவும் பர்வீனும் லாரி மேல உக்காந்து தைக்கிற போட்டோவும் சேத்து தயாளனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷமே கூப்பிட்டார். மொத்தத்தையும் எடுத்துட்டு "உலகத் தரமான கவரிங் தீர்வுகள்"னு போடச் சொன்னார். பிரச்சினை இன்னான்னே சொல்லாம தீர்வை மட்டும் போட்டா எப்படி சார்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்ன பதில்:

"எங்க அக்கா ரோட்ல லாரி மேல உக்காந்து தைக்கிறத நான் வெளிய காட்டணுமா? உங்க வூட்டுப் பொம்பளைங்கன்னா போடுவீங்களா தம்பி?"

ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரன்

அப்புறம் அந்த போட்டோ இருந்த எடத்துல போட அவரே ஒரு படம் அனுப்பினார். பளபளன்னு ஒரு பேக்டரி, நடுவுல மஞ்ச ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரன், கையில ஒரு அட்டை, முப்பத்திரண்டு பல்லும் தெரிய சிரிக்கறான். பின்னாடி ஒரு லாரி. அந்த லாரியில தார்பாயே இல்ல. சைட் எந்த லட்சணத்துல இருக்குன்னு காட்டலாம்னு போனைக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அக்கா கண்ணாடியைப் போட்டுகிட்டு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு தலையாட்டினாங்க. பர்வீன் போனை வாங்கி, படத்தை விரலால பெருசாக்கி, கொஞ்ச நேரம் பாத்துச்சு:

"யாருண்ணா இவன், எப்போ நம்ம கடையில சேந்தான்? வந்தா சொல்லு, நாளைக்கு லாரி மேல ஏத்தி வுடலாம், அந்தச் சிரிப்பு எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாப்போம்!"

அண்ணா நகர்

முகவரிக்கு வந்தப்ப நான் பிடிவாதமா நின்னேன். மத்ததெல்லாம் அலங்காரம், போனா போகட்டும். ஆனா யார்டு எண்ணூர்ல இருக்கு, கடை பக்கத்துலயே எர்ணாவூர்ல இருக்கு, அக்காவுக்கு இருக்கற ஒரே பலம் அதுதான், அதைப் போயி மறைப்பாங்களான்னு கத்தினேன். தயாளன் தன்னோட அபார்ட்மென்ட் முகவரியை ஹெட் ஆபீஸ்னு போடச் சொன்னார். எர்ணாவூர்ங்கற பேரு சைட்ல ஒரு எடத்துலயும் வரக் கூடாதாம்.

நேர்ல பேசலாம்னு அவரை டீக்கடைக்கு வரச் சொன்னேன். வந்தார், இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மனுஷன், டீக்குக் காசும் அவரே குடுத்தார். காலேஜ் முடிச்சு முதல் இன்டர்வியூ போன கதையைச் சொன்னார். எல்லாம் நல்லா போயிட்டு இருந்துச்சாம். வீடு எங்கன்னு கேட்டிருக்காங்க, எர்ணாவூர்னு சொல்லியிருக்கார். எதிர்ல இருந்தவர் சிரிச்சுகிட்டே நாற்காலிய பின்னால இழுத்துகிட்டாராம். அடுத்த இன்டர்வியூவுக்கு வில்லிவாக்கத்துப் பெரியம்மா வீட்டு முகவரியைப் போட்டாராம், வேலை கெடச்சுதாம். இது எனக்கும் தெரிஞ்ச கதைதான். எங்க ஊர் பேரைச் சொன்னதும் டாக்சிக்காரர் கேன்சல் பண்றதும், பின்கோடைக் கேட்டதும் பேங்க்குல இருந்து பேசற பொண்ணோட குரல் மாறறதும், பெண் பாக்க வர்றவங்க வாசல்ல நின்னு மூக்கை உறிஞ்சறதும் எனக்குத் தெரியாதா? ஆனாலும் யார்டே எண்ணூர்ல தான சார் இருக்குன்னு திரும்பவும் கேட்டேன். டம்ளரை வெச்சுட்டுச் சொன்னார்:

"யார்டுதான் தம்பி எண்ணூர்ல இருக்கு, ஆபீசருங்க அங்கயா குடியிருக்காங்க? எர்ணாவூர்னு பாத்தா அடுத்த பக்கத்துக்கே போவ மாட்டாங்க. நான் பட்டவன் சொல்றேன், கேளுங்க."

யார் போன் எடுக்கறது?

முகவரி போனதும் போன் நம்பரும் பின்னாடியே போச்சு. அக்கா நம்பர் வேணாமாம், தயாளன் நம்பர்தான் போடணுமாம். யார்டுல இருந்து கூப்பிட்டு, அக்கா எடுத்து "இன்னாபா, யாரு வேணும்"னு கேட்டா மானம் போயிடுமாம். இதை அக்கா முன்னாடியே சொன்னார். அக்காவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. தம்பி கிளம்பிப் போற வரைக்கும் கத்திரிக்கோலால சும்மா ஒரு ஒட்டுத்துணிய நறுக்கிகிட்டே இருந்தாங்க. அவர் பைக் சத்தம் மறைஞ்ச பிறகுதான் பேசினாங்க:

"என் பேச்சுல இன்னா கொறஞ்சு போச்சு? ஆந்திராக்காரன், பீகார்க்காரன்லாம் என்கிட்ட பேசிகினுதான் கீறான், எவனும் புரியலன்னு சொன்னதில்லையே. சரி வுடு, அவன் நம்பரையே போடு."

ஸ்வெட்டர் போட்ட நாய்

சைட் வெளிய வந்துச்சு. தயாளன் விண்ணப்பத்தை எழுதி, லிங்க்கை வெச்சு, யார்டுக்கு ஈமெயில் அனுப்பினார். அக்கா சைட்டைப் போன்ல திறந்து சாமி படத்துகிட்ட வெச்சு சூடம் காட்டினாங்க. அதுக்கப்புறம் நாங்க எல்லாரும் பதிலுக்குக் காத்துகிட்டு இருந்தோம். முதல்ல வந்த போன் எனக்கு. சைட் அடியில "வடிவமைப்பு"ன்னு என் நம்பர் சின்னதா இருக்கும், தயாளன் போனை எடுக்கலன்னு அதைப் பாத்து ஒரு குட்டியானை லோடு வண்டி டிரைவர் கூப்பிட்டார். கும்மிடிப்பூண்டியில இருந்து எண்ணூர் வழியா வந்தவர், வண்டியில ரெண்டு கிழிஞ்ச தார்பாய். போன்ல தேடினா நம்ம சைட் வந்திருக்கு, மேப்பைப் போட்டுகிட்டு நேரா வந்திருக்கார். மேப் கூட்டிகிட்டுப் போனது அண்ணா நகர் அபார்ட்மென்ட்டுக்கு. எர்ணாவூரைத் தாண்டித்தான் அந்த மனுஷன் அண்ணா நகருக்கே போயிருக்கார். "இன்னா நைனா, தார்பாய் தைக்கிற எடம்னு மேப்பு காட்டுது, இங்க வந்து பாத்தா நாயி ஒண்ணு ஸ்வெட்டர் போட்டுகினு ஒக்காந்துகினு கீது! வாட்ச்மேன் என்னையும் வண்டியையும் ஒரு மாதிரி பாக்கறான்"னு கத்தினார். அவரை ஒருவழியா சமாதானம் பண்ணி எர்ணாவூருக்குத் திருப்பி விட்டேன். ஆனா அவர் போகல, பேஜாராயி வேற எங்கயோ போயிட்டார்.

இதுக்கு மேல தாங்காதுன்னு அக்காகிட்ட போய், முகவரியை இன்னிக்கே மாத்திடறேன்னு சொன்னேன். யார்டு விஷயம் முடியற வரைக்கும் எதையும் தொடாத தம்பி, நடுவுல கை வெச்சா சகுனம் சரியா இருக்காதுன்னு பயந்தாங்க. தயாளனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கோவப்படுவார்னு பாத்தா, மனுஷனுக்கு சந்தோஷம் தாங்கல:

"பாத்தீங்களா தம்பி, சைட் வேலை செய்யுது!"

நீலத் தார்பாய்

மார்கழி பாதி ஆச்சு, யார்டுல இருந்து ஒரு சத்தமும் இல்ல. ஒரு நாள் காலையில பர்வீன்தான் பாத்துச்சு. கடை வாசல்ல யார்டு லாரி ஒண்ணு போகுது, மேல புத்தம் புது நீலத் தார்பாய், ஓரத்துல வேற ஏதோ கம்பெனி பேர் அச்சடிச்சிருக்கு. பின்னாடியே இன்னொண்ணு. அக்கா எனக்குப் போன் பண்ணி, கூட வா தம்பின்னு மட்டும் சொன்னாங்க. நல்ல புடவை கட்டிகிட்டு நின்னாங்க. ரெண்டு பேரும் யார்டுக்குப் போனோம். பர்ச்சேஸ் ஆபீசர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், ரொம்ப மரியாதைக்காரர். நாங்க யாருன்னு சொன்னோம், கே.டி. கவரிங் சிஸ்டம்ஸ்னு. வேலையை மாதவரத்துல ஒரு கம்பெனிக்குக் குடுத்தாச்சுங்க, ஒரு வருஷத்துக்குக் கையெழுத்தும் ஆயிடுச்சுங்கன்னார். சரிங்க சார்னு அக்கா எந்திரிச்சாங்க. அந்த நேரம் பாத்து ஜன்னலுக்கு வெளிய ஒரு டிரைவர், "கஸ்தூரிக்கா, இங்க இன்னா பண்ணிகினு கீற?"ன்னு குரல் குடுத்தார். ஆபீசர் நிமிந்து அக்காவைப் பாத்தார். எர்ணாவூர்ல லைனுக்கே வந்து தைச்சுத் தர்ற அக்கான்னு டிரைவருங்க எல்லாம் சொல்றாங்களே, அது நீங்களான்னு கேட்டார். ஆமான்னு அக்கா தலையாட்டினாங்க.

மனுஷன் பேனாவை மூடி வெச்சுட்டார். அவருக்கு வேண்டியிருந்ததே அதுதானாம். வண்டி லைன்ல நிக்கறப்ப ஓடி வர்றதுக்கு, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆள். விண்ணப்பம் போட்ட ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு இதைத்தான் கேட்டிருக்கார். எர்ணாவூர்னு போட்டு ஒரு விண்ணப்பமும் வரலயாம். எர்ணாவூர்னா இன்னா எளக்காரம்னு அவருக்குத் தெரியவே தெரியாது. வெளியூர்க்காரர், எந்த நாற்காலியையும் பின்னால இழுத்துப் பழகாதவர். எனக்கு அந்த ரூம்ல இருந்த கண்ணாடியை எல்லாம் ஒடைக்கணும் போல ஆத்திரம் வந்துச்சு. அவர் சொன்னது இது, ஒரு வார்த்தை மாத்தல:

"ஏனுங்க, நீங்க இங்கயேதான் இருக்கறீங்களா? உங்க நம்பருக்கு நானே கூப்பிட்டுக் கேட்டனுங்களே, எர்ணாவூர்ப் பக்கம் லைன்ல வந்து தைக்க ஆள் இருக்காங்களான்னு. அந்த ஏரியாவுல எங்களுக்கு யாரும் இல்லீங்க, ரோட்டு வேலையெல்லாம் நாங்க செய்யறதில்லீங்கன்னு சொல்லிட்டாருங்களே!"

பஸ் ஸ்டாப்புல

வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நின்னோம். அனல் மின் நிலையத்துச் சாம்பல் தூசு கண்ணுல விழுந்துகிட்டே இருந்துச்சு. நான் கொதிச்சுப் போயி, இப்பவே உங்க தம்பிக்குப் போன் போடுங்க, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேளுங்கன்னு சொன்னேன். நீங்க கேக்கலன்னா நான் கேக்கறேன்னும் சொன்னேன். அக்கா என் கையில இருந்த போனை மெதுவா கீழ இறக்கினாங்க. அந்த அம்மா அழுது நான் பாத்ததில்ல, அன்னிக்கும் அழல. பஸ் வருதான்னு ரோட்டையே பாத்துகிட்டு சொன்னாங்க:

"கெட்டது பண்ணணும்னு பண்ணியிருந்தா சண்ட போட்டு வெளுத்துட்டுப் போயிருப்பேன் தம்பி. எனக்கு நல்லது பண்றதா நெனச்சுகினு பண்ணிட்டானே, அவன இன்னான்னு கேக்கறது?"

ஆரஞ்சு சட்டை

பொங்கலுக்கு அக்கா பர்வீனுக்கும் மத்த ரெண்டு பேருக்கும் புடவை எடுத்துக் குடுத்தாங்க, கூடவே விஷயத்தையும் சொன்னாங்க. மிஷினுங்களை மூலக்கடையில இருந்து ஒருத்தர் வந்து ஏத்திகிட்டுப் போனார். பர்வீன் தண்டையார்பேட்டையில ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில சேந்துடுச்சு, நாள் பூரா காலர் தைக்குதாம். மாதவரம் கம்பெனிக்காரங்களுக்கு ஒரு மாசத்துலயே நாக்கு தள்ளிப் போச்சு. லைன்ல தார்பாய் கிழிஞ்சதுன்னு போன் வந்தா, அவங்க வண்டி எடுத்துகிட்டு வந்து சேர்றதுக்குள்ள லாரி கேட்டுக்குப் போயி திரும்பி வந்துடுது. அங்க இங்க விசாரிச்சிருக்காங்க. எல்லா டிரைவரும் ஒரே பேரைச் சொல்லியிருக்காங்க.

போன வாரம் எண்ணூர் போற வழியில பாத்தேன். லைன் நகந்துகிட்டு இருக்கு, ஒரு லாரி மேல கஸ்தூரி அக்கா உக்காந்து தைச்சுகிட்டு இருக்காங்க. புடவைக்கு மேல மாதவரம் கம்பெனியோட ஆரஞ்சு சட்டை, முதுகுல அந்தக் கம்பெனி பேரு. தினக்கூலி. அதே ஊசி, அதே லைன், அந்த ஆபீசர் தேடின அதே அக்கா. வண்டிய ஓரம் கட்டி நிறுத்திட்டு கொஞ்ச நேரம் பாத்தேன், கூப்பிட மனசு வரல. மாடிக்கு வந்து முதல் வேலையா அந்த சைட்டை எடுத்துடலாம்னு கம்ப்யூட்டரைத் திறந்தேன். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு தயாளனுக்குப் போன் போட்டேன். அக்கா என்ன வேலை செய்யறாங்கன்னு அவருக்குத் தெரியும், யார்டுக்காரர் சொன்னது மட்டும் தெரியாது, அக்கா இன்னிவரைக்கும் சொல்லல. அவர் பதறிட்டார்:

"ஐயோ, எடுத்துடாதீங்க தம்பி! எங்க அபார்ட்மென்ட் குரூப்ல போட்டிருந்தேன், எல்லாரும் பாத்துட்டு உங்க அக்கா நல்லா முன்னுக்கு வந்துட்டாங்க போலிருக்கேன்னு கேக்கறாங்க."

ஆக, கடை மூடியாச்சு, வெப்சைட் மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்து கிடக்கு.